விஸ்தீரணம்

பழைய கிரயப் பத்திரத்தைக் கையில் எடுத்தவர்கள் இந்தச் சொல்லில் தடுக்கி விழாமல் இருந்திருக்க மாட்டார்கள். பதிவுத்துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். அத்தனை வருஷத்திலும் மேஜைக்கு எதிரே நின்றவர்கள் அதிகமாகப் பொருள் கேட்ட சொல் இதுதான். "ஐயா, விஸ்தீரணம்னு போட்டிருக்கே, அது யாரு?" என்று கேட்ட ஒருவரும் உண்டு. பங்காளிகளில் யாரோ ஒருவர் என்று நினைத்துவிட்டார். சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை. அவருடைய நிலம் எவ்வளவு என்பதே அந்தச் சொல்லுக்குப் பிறகுதானே எழுதியிருந்தது!

விஸ்தீரணம் வடமொழிச் சொல். பரந்தது, விரிந்தது என்று பொருள். பாட்டுக் கச்சேரியில் ராகத்தை விஸ்தாரமாகப் பாடினார் என்கிறோமே, அதற்கு உறவுமுறைச் சொல். தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா இதைப் பிடித்துக்கொண்டோம்? ஏராளமாக இருக்கிறது.

முதலில் அகலம். இன்று துணிக்கும் தெருவுக்கும் சொல்கிறோம். சங்கப் புலவர்கள் வீரனின் மார்பையே அகலம் என்றார்கள். வியல் என்றாலும் அகலம்தான் என்று தொல்காப்பியம் உரியியலில் சொல்கிறது. இப்போது பேரன்களுக்கு 'வியன்' என்று பெயர் வைக்கிறார்களே, அது இந்த வீட்டுப் பிள்ளை. நனவு என்ற சொல்லுக்கும் அகலம் என்றொரு பொருளை அதே உரியியல் தருகிறது. பரவை என்றால் பரந்து கிடப்பது, கடல். திருவாரூர்க்காரர்களுக்குச் சுந்தரரின் பரவை நாச்சியார் நினைவுக்கு வருவார். நடவுக்கு முன் சேற்றைச் சமன் செய்ய மாட்டைப் பூட்டி இழுத்த பரம்புப் பலகையும் இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். விசாலம் என்ற சொல்லோ வீட்டுக்கு ஒரு அத்தையாகவே இருந்தது.

தொழிலுக்குத் தொழில் சொல்லும் மாறும். ஜவுளிக்கடையில் துணியின் அகலத்தை அகலம் என்று சொல்ல மாட்டார்கள், பன்னா என்பார்கள். "நாற்பத்தஞ்சு பன்னா கிழிங்க" என்றால்தான் கடைப்பையனுக்குப் புரியும். ரயில்வேயில் அகலப்பாதை. கையில் காசில்லாமல் பெரிய காரியத்தில் இறங்குகிறவனுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொன்னது, "அகலக்கால் வைக்காதே".

ஆனால் பத்திரத்தில் அகலம் என்ற சொல்லுக்கு அதிகம் வேலை இல்லை. அகலம் ஒரு பக்கத்து அளவு. அதிலும் எது நீளம், எது அகலம் என்று சண்டை வரும். அதனால்தான் பத்திரம் எழுதுகிறவர்கள் மனையின் அளவைக் கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று திசையோடு கட்டிவிட்டார்கள். சூரியன் உதிக்கும் பக்கத்தை எந்தப் பங்காளியும் மாற்றிச் சொல்ல முடியாது. இரண்டையும் பெருக்கி வருவது விஸ்தீரணம். நமது பழைய பத்திர எழுத்தர்கள் பலர் எட்டாவது தாண்டாதவர்கள். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்கள் கறாரானவர்கள்.

அவர்களுக்கும் முன்னோடிகள் உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலம் விற்றதும் தானம் கொடுத்ததும் இருக்கும் இடங்களைப் படித்தால், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் நுழைந்தது போல இருக்கும். முதலில் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு எல்லை. பிறகு 'உண்ணிலம் ஒழிவின்றி', அதாவது உள்ளே கிடக்கும் நிலத்தில் எதையும் விட்டுவிடாமல். அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'உடும்போடி ஆமை தவழ்ந்ததெல்லாம் உட்பட' என்று எழுதுவார்கள். உடும்பு ஓடுவது மேட்டில், ஆமை தவழ்வது ஈரத்தில். மேடும் பள்ளமும், விளைகிறதும் விளையாததும் எல்லாம் சேர்த்தி என்று அர்த்தம். ஒரு எண்கூட இல்லாமல் விஸ்தீரணத்தைச் சொல்லிவிட்டார்கள்.

எண் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ராஜராஜன் காலத்தில், கி.பி. 1001 வாக்கில், சோழ நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. அந்த வேலையைச் செய்த அதிகாரிக்கு உலகளந்தான் என்று பட்டம். வாமனனாக வந்து மூன்றடியில் உலகை அளந்த பெருமாளின் பெயரை ஒரு சர்வேயருக்குக் கொடுத்திருக்கிறார்கள்! அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர், நீளம் பதினாறு சாண். வேலியை மாவாக, காணியாக, முந்திரியாக, அதற்கும் கீழே கீழ் என்ற நுண்ணிய பின்னமாக உடைத்து எழுதினார்கள். இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டவர்கள், அந்தக் கணக்கைப் பத்திரத்தில் வைத்த கையோடு 'மிகுதிக் குறைமை உள்ளடங்க' என்று இரண்டு சொல்லையும் சேர்த்து வைத்தார்கள். அளவு கூடினாலும் குறைந்தாலும் இந்த எல்லைக்குள் இருப்பது வாங்கினவனுடையது. கோல் ஆளுக்கு ஆள் மாறும், ஊருக்கு ஊர் மாறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கோல் நிஜமாகவே மாறியது. பன்னிரண்டு சாண் கோல் இருந்தது, பதினெட்டுச் சாண் கோல் இருந்தது. கோல் மாறினால் குழி மாறும், ஏனென்றால் ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள சதுரம்தான் குழி. ஒரு மாவுக்கு 100 குழி என்பது நம் பக்கத்துக் கணக்கு. 256 குழி என்று கணக்கிட்ட இடங்களும் கல்வெட்டில் உண்டு.

அந்தக் குழப்பம் சோழரோடு போகவில்லை. நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பன்னிரண்டடிக் கோல், ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. சென்ட் கணக்கில் ஒரு மா 33 சென்ட், ஒரு வேலி ஆறு ஏக்கர் அறுபத்தோரு சென்ட். செங்கல்பட்டு, தென்னார்க்காடு பக்கம் இருபத்துநாலடிக் கோல். ஒரு குழி 576 சதுர அடி. அங்கே 100 குழி ஒரு காணி, அது ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட். கோலின் நீளம் இரண்டு மடங்கு, அதனால் குழி நாலு மடங்கு.

எங்கள் பெரியப்பாவுக்குத் திண்டிவனம் பக்கம் பெண் பார்த்தபோது, பெண்ணின் தகப்பனாருக்கு ஆயிரம் குழி நிலம் என்று தரகர் சொன்னாராம். தாத்தா மனக்கணக்குப் போட்டார். பத்து மா. "சின்னக் குடும்பம்தான், பரவாயில்லை, பெண் லட்சணமா இருக்கு" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். கல்யாணத்துக்குப் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது பத்துக் காணி, பதிமூன்று ஏக்கருக்கு மேல். எங்கள் வீட்டு நிலத்தைவிட அதிகம். பெரியம்மா கடைசிவரை இதை விடவில்லை. ஏதாவது பேச்சு வந்தால், "உங்க ஊர்க் குழி மாதிரிதானே உங்க மனசும்" என்பார்.

வேலி என்றதும் திருவாரூர் நினைவுக்கு வருகிறது. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று நம் பக்கத்தில் சொல்வோம். வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, ஐந்து வேலிகளும் எங்கே என்று மதிலைச் சுற்றித் தேடினார். முள்வேலி என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

கோல் வைக்காமலே அளந்த ஊர்களும் உண்டு. திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கம் ஒரு கோட்டை விதைப்பாடு என்பார்கள். ஒரு கோட்டை விதை எவ்வளவு நிலத்துக்குக் காணுமோ அவ்வளவு நிலம். கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் பரப்பு என்ற சொல்லே அளவாகிவிட்டது. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். அங்கே காணி என்றால் அளவு இல்லை, நிலம் என்றுதான் பொருள். "ரெண்டு பரப்புக் காணி" என்று அவர்கள் சொல்வது நமக்கு வேடிக்கையாக இருக்கும். நாம் "ரெண்டு மா நிலம்" என்பது அவர்களுக்கும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ.

வெள்ளைக்காரன் சங்கிலியோடு வந்தான். எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620-இல் அமைத்த சங்கிலி அது. 66 அடி நீளம், 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி. இந்த அரைகுறை எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கண்ணிக் கணக்கில் பாருங்கள், ஒரு சென்ட் சரியாக ஆயிரம் சதுரக் கண்ணி. அவனவன் கோலில் அவனவன் கணக்கு முழுசாக வரும், அடுத்தவன் கோலில் போட்டால்தான் அரைகுறை ஆகும். (நாட்டை முக்கோணங்களாக அளந்த லாம்ப்டனின் சர்வே வேறு. 1802-இல் பரங்கிமலையில் தொடங்கியது அது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அவருடைய பெரிய கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கல்லில் மோதிச் சேதமாயிற்று. உலகளந்தானின் ராஜா கட்டிய கோயில் ஆயிற்றே, சும்மா விடுமா!)

அரசாங்கக் கணக்கு ஏக்கர், சென்ட் ஆன பிறகும் ஊர்க் கணக்கு மாவும் குழியுமாகவே இருந்தது. கர்ணம் இரண்டையும் மனசுக்குள் வைத்திருந்தார். பிறகு மெட்ரிக் வந்தது. 1980-களில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டபோது ஹெக்டேரும் ஏரும் அச்சேறின. ஒரு ஏர் நூறு சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். ஏர் என்றால் உழுகிற ஏர்தான் என்று தெரிந்த குடியானவர்கள் 'ஏர்ஸ்' என்று சொல்லிப் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டையும் மனசில் வைத்திருந்த கர்ணம் பதவி அதற்குள், 1980-இலேயே, ஒழிக்கப்பட்டிருந்தது. பரம்பரைப் பதவி போனது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மனக்கணக்கும் அவர்களோடு போயிற்று.

இப்படி அளவு மாறும்போது யாருக்கு என்ன ஆகும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

ஒரு விதவை அம்மாள். அவருடைய மாமனார் 1940-களில் வாங்கிய நஞ்சை. பத்திரத்தில் விஸ்தீரணம் 2 மா 20 குழி. வடக்கெல்லை பாசன வாய்க்கால். புதுப் பட்டாவில் பரப்பு 26 ஏர். அந்த அம்மாளுக்கு மாவும் தெரியும், குழியும் தெரியும், ஏர் தெரியாது. பட்டா வந்தது, பெட்டியில் வைத்துவிட்டார். பல வருஷம் கழித்துப் பக்கத்து நிலத்துக்காரர், கணவர் வழிப் பங்காளிதான், வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த களத்து மேட்டைச் சுற்றிக் கல் ஊன்றினார். கேட்டால், "உங்க பட்டாவுல உள்ளது உங்ககிட்ட இருக்கு, இது என் பட்டா" என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 220 குழி என்றால் 31,680 சதுர அடி, எழுபத்திரண்டே முக்கால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஏர் கணக்கில் 29.4. பட்டாவில் இருப்பது 26. எட்டரை சென்ட் காணவில்லை. எட்டரை சென்ட் என்றால் ஏதோ மூலை முடுக்கு என்று நினைக்க வேண்டாம். அந்தக் களம் இல்லாவிட்டால் அறுத்த கதிரை அடிக்க இடம் இல்லை, வாய்க்காலிலிருந்து மடை திறக்க வழி இல்லை. அடுத்தவர் நிலத்து வழியாகத் தண்ணீர் கேட்டு வாங்க வேண்டும். அதன் பிறகு நிலத்தை அவருக்கே கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பங்காளியின் எண்ணமும் அதுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வழக்குப் போட்டார்கள். அந்த அம்மாளிடம் அசல் பத்திரம் இல்லை, ஒரு புயல் வருஷத்தில் கூரையோடு போய்விட்டது. அதனால் அலுவலகத்தில் இருந்த முதலாம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாட்சி சொல்ல வரும்படி எனக்குச் சம்மன். பதிவான ஒவ்வொரு பத்திரத்தையும் கையாலேயே பெரிய புத்தகத்தில் நகல் எடுத்து வைத்த காலம் அது. 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இல்லாத பத்திரத்தைப் பதியக் கூடாது என்கிறது. அந்த விவரத்தைத்தான் நகலெழுத்தர் ஒரு எழுத்துப் பிசகாமல், கறுப்பு மசியில், இடைவெளி விடாமல் எழுதி வைத்திருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அந்தக் கையெழுத்தைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்தது. சர்வேயரோடு போய் அளந்தார்கள். வாய்க்கால் வரை அளந்தால் 74 சென்ட் வந்தது. இப்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குப் புது வாதம் கிடைத்தது. பத்திரத்தில் உள்ள விஸ்தீரணத்தைவிட ஒன்றேகால் சென்ட் அதிகமாக இருக்கிறதே, ஆகவே வாய்க்கால் எல்லையாக இருக்க முடியாது என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எனக்கே கொஞ்சம் உதறல் எடுத்தது.

நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பிடித்து வரும் நெறி ஒன்று உண்டு. எல்லையும் விஸ்தீரணமும் முரண்பட்டால், எல்லை தெளிவாக இருக்கும்போது எல்லையே மேலோங்கும். அளந்தவன் கை தவறலாம், கோல் மாறலாம், வாய்க்கால் நகராது. (எல்லையே 'கிழக்கில் தரிசு' என்கிற மாதிரி மொட்டையாக இருந்தால் வேறு கதை.) நீதிபதி நகலை வாங்கி வடக்கெல்லையைச் சத்தமாகப் படித்தார். அடுத்த வரியில் பத்திர எழுத்தர் "விஸ்தீரணம் கூடினாலும் குறைந்தாலும் எல்லை கண்டபடி" என்று எழுதியிருந்ததையும் படித்தார். சோழர் காலத்து 'மிகுதிக் குறைமை உள்ளடங்க' அப்படியே வேட்டி சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது போல எனக்கு இருந்தது. கல்வெட்டையெல்லாம் அந்த எழுத்தர் படித்திருக்க வழியில்லை. அவருக்கு அவர் குரு சொல்லியிருப்பார், அவருக்கு அவர் குரு.

தீர்ப்பு அந்த அம்மாளுக்குச் சாதகமாக வந்தது. எட்டரை சென்ட்டோடு ஒன்றேகால் சென்ட்டும் சேர்ந்து வந்தது. ஆறு வருஷம் ஆயிற்று, செலவும் ஆயிற்று. பட்டா திருத்தத்துக்கு அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு அவர் மேலும் அலைந்தது தனிக்கதை.

இன்றைக்குப் பத்திரங்களில் விஸ்தீரணம் குறைந்துகொண்டே வருகிறது. பரப்பு, பரப்பளவு என்று நல்ல தமிழில் எழுதுகிறார்கள். பட்டாவிலும் பரப்பு என்றுதான் அச்சிடுகிறார்கள். சந்தோஷம்தான். வடமொழிச் சொல் போய்த் தமிழ்ச் சொல் வந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. என் வருத்தம் வேறு. சதுர அடி வந்த பிறகு எல்லை எழுதுவதில் அக்கறை குறைந்துவிட்டது. 'வடக்கில் மனை எண் 14, தெற்கில் மனை எண் 16' என்று எழுதுகிறார்கள். அந்த மனை எண்ணெல்லாம் ஒரு வரைபடத்தில் இருக்கிறது. வரைபடம் யாரிடம் இருக்கிறது என்று இருபது வருஷம் கழித்துக் கேட்டால் தெரியும். முன்பெல்லாம் புளியமரம் என்றும், இடிந்த சுமைதாங்கி என்றும், இன்னார் வீட்டுக் கொல்லைச் சுவர் என்றும் எழுதினோம்.

ஆகவே வீட்டில் பழைய பத்திரம் இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஊருக்கு வரும்போது, பத்திரத்தையும் இன்றைய பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தஞ்சாவூர்க் குழியாக இருந்தால் 144-ஆல் பெருக்கி 435.6-ஆல் வகுத்தால் சென்ட். அதை 2.47-ஆல் வகுத்தால் ஏர். வடக்கத்திக் குழியாக இருந்தால் 144-க்குப் பதில் 576. கணக்கு முடிந்ததும் வெயில் தாழ அவர்களை வயலுக்கு அழைத்துப் போய், நான்கு எல்லையையும் ஒரு தரம் நடந்து காட்டுங்கள். வாய்க்கால் தூர்ந்திருந்தால் எந்த இடத்தில் இருந்தது என்று காலால் கோடு போட்டாவது காட்டுங்கள். முட்டிவலி இருந்தால் வரப்பில் உட்கார்ந்துகொண்டு கை நீட்டிச் சொன்னாலும் போதும்.